அரசியல் ஆர்வம் ரத்தத்தில் வருவதா? இரட்டைப் பிள்ளைகளின் தாய் கேட்கிறார்

கேள்வி:

எங்கள் வீட்டில் அரசியல் பேசாத நாள் கிடையாது. என் அப்பா கடைசிவரை தொழிற்சங்கத்தில் இருந்தவர். நானும் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றிருக்கிறேன். என் கணவரின் குடும்பத்தில் யாருக்கும் அதில் நாட்டமில்லை. ஓட்டுப் போடுவதோடு சரி.

எங்களுக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள். இப்போது 22 வயது. ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே சாப்பாட்டு மேசை. மகன் தாத்தாவைப் போலவே செய்தி, விவாதம், ஊர்வலம் என்று இருக்கிறான். மகள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். சென்ற தேர்தலில் ஓட்டும் போடவில்லை. “எல்லாரும் ஒன்றுதான், என் ஒரு ஓட்டால் என்ன ஆகும்” என்கிறாள். வேறு குறை ஒன்றும் இல்லை. கல்லூரியில் நூலகத்தை இரவிலும் திறந்து வைக்கச் சொல்லி இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கி சாதித்தவள்தான்.

“உன் பக்கத்து ஜீன் அவனுக்குப் போயிற்று, என் பக்கத்து ஜீன் அவளுக்கு வந்தது” என்கிறார் கணவர். அரசியல் ஈடுபாட்டில் பாதி மரபணுவால் வருகிறது என்று நானும் ஒரு செய்தியில் படித்தேன். எச்சிலை அனுப்பினால் பிறவி ஆர்வங்களைக் கண்டறிந்து சொல்லும் பரிசோதனை ஒன்று விளம்பரமாகிறது. மகளுக்கு அதைச் செய்து பார்க்கலாமா? மரபணுவிலேயே இல்லை என்று தெரிந்தால் நான் வற்புறுத்தாமல் விட்டுவிடுவேன். எங்கள் வளர்ப்பில்தான் கோளாறா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பரிசோதனை வேண்டாம். ஒருவருக்கு அரசியலில் நாட்டம் இருக்குமா, ஓட்டுப் போடுவாரா என்று டி.என்.ஏ.வைப் பார்த்துச் சொல்லும் நம்பத்தக்க சோதனை இன்று எங்கும் கிடையாது. மரபியல் ஆலோசகராக இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. ஆனால் நீங்கள் படித்த அந்தப் ‘பாதி’ பொய்யல்ல. அது உண்மையான ஆய்வுகளிலிருந்து வந்த எண்தான். அது எதைச் சொல்கிறது, உங்கள் மகளைப் பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்பது புரிந்துவிட்டால், உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அரசியல் நாட்டத்தில் மரபின் பங்கைத் தேடும் துறைக்கு ஆதாரமே உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் போன்ற இரட்டையர்கள்தான். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர்களுக்கு டி.என்.ஏ. கிட்டத்தட்ட முழுவதும் ஒன்றே. இரண்டு கருவாக உருவாகிப் பிறந்தவர்கள், மரபணு அளவில், சாதாரண அண்ணன் தங்கை போலத்தான். ஆளுக்கு ஆள் வேறுபடும் பகுதிகளில் சராசரியாகப் பாதி அவர்களுக்குப் பொதுவாக இருக்கும். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு விஷயத்தில் ஒரு கரு இரட்டையர் மற்றவர்களைவிட அதிகமாக ஒத்துப்போனால், அந்த அதிகப்படி ஒற்றுமையை மரபணுவின் கணக்கில் எழுதுகிறார்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஓட்டுப் போடும் பழக்கத்தில் ஒரு கரு இரட்டையரின் ஒற்றுமை அளவு (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.70, இரு கரு இரட்டையருடையது 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.25. அதை இரட்டிப்பாக்கினால் 0.50. அதாவது மரபின் பங்கு 50 சதவீதம். செய்திகளில் வரும் ‘பாதி’ பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

2005-ல் ஜான் ஆல்ஃபோர்ட், கரோலின் ஃபங்க், ஜான் ஹிப்பிங் மூவரும் அமெரிக்க இரட்டையர்களின் அரசியல் கருத்துகளை இந்த முறையில் அலசினார்கள். அரசியல் அறிஞர்கள் மத்தியில் பெரிய சலசலப்பு. அதுவரை, பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே எல்லாருடைய பாடமாக இருந்தது. மூன்று ஆண்டு கழித்து ஜேம்ஸ் ஃபௌலர், லாரா பேக்கர், கிறிஸ்டோபர் டாஸ் மூவரும் ஈடுபாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுப் போட்டீர்களா என்று ஆட்களைக் கேட்டால் போடாதவர்களும் போட்டதாகச் சொல்லிவிடுவார்கள். எனவே லாஸ் ஏஞ்சலஸ் பகுதி இரட்டையர்களின் பெயர்களை எடுத்து, யார் எந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்ற அரசுப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். வாக்களிப்பில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 53 சதவீதம் மரபோடு தொடர்புடையது என்று வந்தது. கூட்டத்துக்குப் போவது, நன்கொடை கொடுப்பது, அதிகாரிகளைத் தொடர்புகொள்வது போன்றவற்றையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில் இது 60 சதவீதத்தைத் தொட்டது. அரசியல் ஆர்வத்தை டென்மார்க், அமெரிக்கா இரண்டு நாட்டு இரட்டையர்களிடமும் அளந்தார்கள். அங்கேயும் மரபின் பங்கு தெளிவாகத் தெரிந்தது.

ஒரு கரு இரட்டையர்களை ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி நடத்துகிறோமே, அதனால் கணக்கு கூடிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும் இன்றுவரை கேட்பது. அதனால்தான் தத்துப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். ஸ்வீடனில் டேவிட் செசரினி, மாக்னஸ் யோஹன்னசன், ஸ்வென் ஆஸ்கார்சன் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு அது. தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, பெற்றவர்கள் ஓட்டுப் போடுகிறவர்களா, வளர்த்தவர்கள் ஓட்டுப் போடுகிறவர்களா என்று இரண்டையும் பதிவேட்டில் பார்த்தார்கள். பெற்றவர்களின் பழக்கமும் பிள்ளையிடம் தெரிந்தது, வளர்த்தவர்களின் பழக்கமும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. ரத்தமா வளர்ப்பா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குக்கு இதைவிட நேர்மையான தீர்ப்பு கிடைக்காது என்று நினைக்கிறேன்.

2005 ஆய்வில் உங்களுக்கு உதவக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. வலதா இடதா என்ற பொதுவான சாய்வில் மரபின் பங்கு 43 சதவீதம் வந்தது. ஆனால் எந்தக் கட்சிக்காரர் என்பதில் 14 சதவீதம்தான். அங்கே வீட்டின் பங்கு 41 சதவீதம். கட்சி பெரிதும் வீட்டிலிருந்து வருகிறது, பொதுவான சாய்விலும், மேலே பார்த்த ஈடுபாட்டிலும்தான் பிறவியின் கை கொஞ்சம் அதிகம் தெரிகிறது. பிள்ளை உங்கள் கட்சியைப் பிடித்துக்கொண்டதால் உங்கள் ஆர்வமும் ஒட்டிக்கொண்டது என்றாகாது. கட்சியை மறுத்ததால் ஆர்வமே இல்லை என்றும் ஆகாது.

இனி அந்த 53 சதவீதத்துக்கு வருகிறேன். மரபியலில் இதைப் போல் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் எண் வேறில்லை. உங்கள் மகளின் அரசியலில் 53 பங்கு மரபணு, 47 பங்கு வளர்ப்பு என்று அதற்குப் பொருளில்லை. ஒரு தனி ஆளை அப்படிக் கூறு போடவே முடியாது. ஒரு காலத்தில், ஓர் இடத்தில் வாழும் பெருங்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண் அது. இடம் மாறினால் மாறும், சட்டம் மாறினாலும் மாறும்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1922 தேர்தலில் அங்கே வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் கீழே. 1924-ல் வாக்களிப்பது கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். 1925 தேர்தலில் 91 சதவீதத்துக்கும் மேல் வந்து வாக்களித்தார்கள். இந்த மூன்று ஆண்டுக்குள் யாருடைய மரபணுவும் மாறவில்லை. கிட்டத்தட்ட எல்லாரும் வாக்களிக்கும் இடத்தில் போடுகிறவர், போடாதவர் என்ற வேறுபாடே சுருங்கிப்போகிறது. வேறுபாடு இருந்தால்தானே அதில் மரபின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட முடியும்? சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு 1971-ல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய தேர்தல் ஒன்றில் ஒருவர் இரட்டையர் ஆய்வு செய்திருந்தால், ஆண் பெண் இரட்டையரில் தங்கைகள் யாருமே ஓட்டுப் போடாததை எந்த மரபணுவின் தலையில் கட்டுவார்?

சட்டம்கூட வேண்டாம், ஒரு கடிதம் போதும். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகனில், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முதற்கட்டத் தேர்தலுக்கு முன்பு ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மொத்தம் சுமார் 1,80,000 வீடுகள். ஒரு பகுதியினருக்குக் கடிதமே போகவில்லை. இன்னொரு பகுதியினருக்குப் போன கடிதத்தில், முந்தைய தேர்தல்களில் அந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஓட்டுப் போட்டார்களா இல்லையா என்று பெயர் வாரியாக அச்சிட்டிருந்தது. தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் அனுப்புவோம் என்ற குறிப்பும் இருந்தது. கடிதம் போகாதவர்களில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், பட்டியல் போன வீடுகளில் 37.8 சதவீதம். ஒரே ஒரு தாள் கொண்டுவந்த மாற்றம் இது. இப்படி வெட்கப்பட வைத்து வாக்களிக்கச் செய்வது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் மரபணு என்று பேச்சு வந்தவுடன் ‘அப்படியென்றால் மாற்ற முடியாது’ என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இந்தச் சோதனையை எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

சரி, எந்த மரபணு? உங்கள் விளம்பரக்காரர் சொல்வது இங்கேதான் உடைகிறது. 2008-ல் ஃபௌலரும் டாஸும் வாக்களிப்போடு தொடர்புடையதாக இரண்டு மரபணுக்களின் பெயரைச் சொன்னார்கள். ஒன்று எம்.ஏ.ஓ.ஏ. எனப்படுவது, மற்றொன்று மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் மரபணு. ‘ஓட்டுப் போட வைக்கும் மரபணு’ என்று செய்திகள் பறந்தன. 2012-ல் இவான் சார்னி, வில்லியம் இங்கிலிஷ் இருவரும் அந்த ஆய்வைத் திரும்ப எடுத்து அலசி, கணக்கைக் கவனமாகப் போட்டால் அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்று எழுதினார்கள். இது அரசியலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஒன்றிரண்டு மரபணுக்களைப் பிடித்துக்கொண்டு மன அழுத்தம், புத்தி, குணம் என்று பேசிய அந்தக் கால ஆய்வுகளில் பெரும்பகுதி, ஆட்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறியபோது நிலைக்கவில்லை.

லட்சக்கணக்கானோரை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டும் படமே வேறு. எத்தனை ஆண்டு படிக்கிறோம் என்பதை எடுத்துக்கொண்டு 11 லட்சம் பேரிடம் நடந்த 2018 ஆய்வில், தொடர்புடைய இடங்கள் டி.என்.ஏ.வில் 1,271 கிடைத்தன. ஒவ்வொன்றின் பாதிப்பும் பொதுவாக இரண்டு வாரப் படிப்புக்கும் குறைவு! இப்படி ஆயிரக்கணக்கான துளிகளைக் கூட்டி ஒருவருக்கு ஒரு மதிப்பெண் போடலாம். 2021-ல் டென்மார்க்கில் லெனே ஆரோவும் அவருடைய குழுவினரும் அந்தக் கல்வி மதிப்பெண்ணையும், புத்தித்திறனுக்கு இதே போல டி.என்.ஏ.விலிருந்து போட்ட மதிப்பெண்ணையும் அரசு வாக்களிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். மதிப்பெண் கூடியவர்கள் சற்றே அதிகமாக வாக்களித்திருந்தார்கள். அந்தச் ‘சற்றே’ பெருங்கூட்டத்தின் சராசரியில் தெரிவது. ஒருவரை எதிரே உட்காரவைத்து இவர் போடுவாரா மாட்டாரா என்று சொல்ல அது உதவாது.

கவனியுங்கள், அது கல்விக்கான மதிப்பெண். ‘அரசியல் மரபணு’ என்று தனியாக ஒன்றும் இல்லை. மரபணுக்கள் புரதம் செய்யச் சொல்லித் தருகின்றன. வாக்குச்சாவடி எது என்று அவற்றுக்குத் தெரியாது. அங்கிருந்து வாக்குச்சாவடி வரையான வழி மிக நீளம். நாலு பேர் முன்னால் பேசப் பிடிக்குமா, சிக்கலான விஷயத்தைப் படித்தால் சலிப்பு வருமா சுவை வருமா, நான் செய்வதால் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை எவ்வளவு, சண்டைச் சத்தம் கேட்டால் கிட்டே போகத் தோன்றுமா விலகத் தோன்றுமா. பிறவிச் சாயல் இப்படிப்பட்டவற்றில்தான் முதலில் படிகிறது. ஸ்வீடன் இரட்டையர்களிடம் டாஸ் குழுவினர் 2014-ல் பார்த்ததும் இதைத்தான். புத்தித்திறன், பிறரோடு பழகும் சுபாவம், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு, இவற்றுக்கும் அரசியல் ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பில் பெரும்பகுதி, இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களால் விளக்கப்பட்டது. வழி நீளமாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. நடுவில் எத்தனையோ இடத்தில் கை கொடுக்கலாம், எத்தனையோ இடத்தில் முட்டுக்கட்டையும் விழலாம்.

அந்த எச்சில் பரிசோதனையில் என்ன வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பெற்றோர் என்னிடம் கொண்டுவருவதுண்டு. வழவழப்பான தாள். பக்கத்துக்கு ஒரு குணம்: தலைமைப் பண்பு, துணிச்சல், சமூக ஆர்வம். அதன் கீழே ஒரு மரபணுவின் பெயர், டி.ஆர்.டி.4 என்பதைப் போல. அதன் பக்கத்தில் இரண்டு எழுத்து, அப்புறம் பச்சையிலிருந்து சிவப்புவரை ஒரு பட்டை, பட்டையின் மேல் ஓர் அம்புக்குறி. அந்த எழுத்துகளைச் சரியாகவே படித்திருப்பார்கள். எழுத்திலிருந்து அம்புக்குறிக்குப் போகும் வழிக்குத்தான் அறிவியல் ஆதாரம் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு ஒரு தாய் மகளை வற்புறுத்துவதும் தவறு, கைவிடுவதும் தவறு. ‘மரபணுவிலேயே இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்த வரிதான்.

உங்கள் கணவரின் பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். மரபணு அப்படிப் பங்கு பிரிவதில்லை. மகனுக்கும் பாதி உங்களிடமிருந்து, பாதி அவரிடமிருந்து. மகளுக்கும் அதேதான். எந்தப் பாதி என்பது மட்டும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பீட்டர் விஷரும் குழுவினரும் 2006-ல் ஆயிரக்கணக்கான உடன்பிறப்பு ஜோடிகளை அளந்தபோது, சராசரிப் பகிர்வு 50 சதவீதம் என்றாலும், சில ஜோடிகளிடம் அது 37 சதவீதம் வரை இறங்கியது, சிலரிடம் 62 சதவீதம் வரை ஏறியது. ஆகவே உங்கள் பிள்ளைகள் இருவரும் குணத்தில் வேறுபடுவதில் வியப்பே இல்லை. ‘ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே சாப்பாட்டு மேசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேசை ஒன்றுதான். ஆனால் இருவருக்கும் அங்கே கிடைத்தது ஒன்றேதானா?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது தாத்தா ஏதோ சொல்கிறார். ஒரு பிள்ளை சட்டென்று எதிர்க்கேள்வி போடுகிறது. தாத்தாவுக்கு மகிழ்ச்சி. மறுநாள் அவரே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுகிறார். செய்தித்தாளை அதன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார், ஊர்வலத்துக்கு அழைத்துப் போகிறார். மற்றப் பிள்ளை யோசித்துப் பேசும் ரகம். அது வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பத்து ஆண்டில் ஒன்று அரசியல் பிள்ளை, மற்றொன்று ‘அதற்கு இதெல்லாம் பிடிக்காது’ என்ற பெயர். தொடக்கத்தில் இருந்த பிறவி வித்தியாசம் கடுகளவு. அதைப் பார்த்து நாம் நடந்துகொண்ட விதம் அதை வளர்த்துவிட்டது. இப்படி வளர்ந்ததையும் இரட்டையர் கணக்கு பெரும்பாலும் ‘மரபின் பங்கு’ என்றே எழுதிக்கொள்ளும். அந்த எண் பெரிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் உங்கள் பிள்ளைகள் ஆணும் பெண்ணும். ஏஞ்சலா போஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 6 முதல் 12 வயது வரையான 1,600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஓர் அரசியல் தலைவரைப் படமாக வரையச் சொன்னார்கள். 2022-ல் வெளிவந்த முடிவு மனத்தைக் கனக்க வைப்பது. சிறுமிகள் வயது ஏற ஏற, தலைவர் என்றால் ஆணையே அதிகமாக வரைந்தார்கள். அரசியலில் அவர்களுடைய ஆர்வமும் பையன்களைவிடக் குறைந்தது. தேர்தலில் நின்ற தாயின் மகள் நிச்சயம் வேறு படத்தையும் பார்த்து வளர்ந்திருக்கிறாள். ஆனால் வீட்டுக்கு வெளியே பார்த்தது? உங்கள் வீட்டிலேயே, வந்தவர்கள் பேச்சை மகனிடம் தொடுத்துவிட்டு மகளிடம் படிப்பை மட்டும் விசாரித்த நாட்கள் உண்டா? குற்றம் சாட்டக் கேட்கவில்லை. அவள் எழுந்து போகும் அந்த நிமிடத்துக்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். யார் பேசினார்கள், யார் குறுக்கே விழுந்தார்கள், அவள் தொடங்கிய வாக்கியம் முடிந்ததா?

இருநூறு கையெழுத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அதை ‘வேறு குறை ஒன்றும் இல்லை’ என்பதற்குச் சான்றாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன ஈடுபாட்டு ஆய்வுகளில், மனுவில் கையெழுத்திடுவதும், அதிகாரியைத் தொடர்புகொள்வதும், கூட்டாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்ப்பதும் அரசியல் ஈடுபாட்டின் அளவுகோலுக்குள் வருபவை. உங்கள் மகள் கையெழுத்திட்டவள் அல்ல, வாங்கியவள். முன்பின் தெரியாதவர்களிடம் போய் நின்று, விளக்கிச் சொல்லி, மறுத்தவர்களையும் சமாளித்து, நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். கட்சி, தலைவர், தேர்தல், தொலைக்காட்சி விவாதம் இவற்றில் அவளுக்கு ஆர்வமில்லை, அவ்வளவுதான். ஆர்வம் வேறு, ஈடுபாடு வேறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், வராமலும் போகும். செய்தியை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு ஒரு மனுகூட எழுதாதவர்கள் எத்தனையோ பேர்.

அவளிடம் என்ன பேசலாம் என்றால், அந்த நூலக விவகாரத்தைப் பற்றிக் கேளுங்கள். முதல் கையெழுத்து யாருடையது, யார் மறுத்தார்கள், நிர்வாகத்தில் எந்த இடத்தில் சிக்கியது, எப்படி நகர்ந்தது. கேட்டுவிட்டு நீங்கள் தேர்தலில் நின்ற கதைக்குத் தாவிவிடாதீர்கள். ‘என் ஒரு ஓட்டால் என்ன ஆகும்’ என்பதற்கும் அன்றே பதில் சொல்லிவிட வேண்டாம். தான் செய்வதால் ஏதாவது மாறும் என்ற உணர்வுதான் ஈடுபாட்டுக்குப் போகும் வழிகளில் முக்கியமான ஒன்று என்று பார்த்தோம். நூலகத்தில் அது அவளுக்கு இருந்திருக்கிறது. தேர்தலில் ஏன் இல்லை என்பதை அவள் வாயால் கேட்பது உங்களுக்கும் பயன்படும்.

ஓட்டைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள், அதுவும் சண்டையில்லாத நேரத்தில். அடுத்த தேர்தலில் யாருக்கு என்று கேட்கமாட்டேன், நாம் இருவரும் சேர்ந்து போய் வருவோம் என்று. வாக்களிப்பது பழக்கமாக ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் 1998 தேர்தலின்போது ஒரு பகுதியினரை மட்டும் நேரில் போயும் கடிதம் போட்டும் வாக்களிக்கத் தூண்டினார்கள். மறு ஆண்டுத் தேர்தலில் யாரும் தூண்டாதபோதும் அவர்கள் அதிகமாக வந்து வாக்களித்தார்கள். இளம் வயதில் முதல் இரண்டு மூன்று தேர்தல்கள் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆர்வத்தைப் பற்றி அவசரம் வேண்டாம். அது வளர்ந்த பிறகு ஆண்டுக்காண்டு அவ்வளவாக மாறாது என்று மார்கஸ் பிரயர் பல நாட்டுத் தொடர் கணக்கெடுப்புகளை வைத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் 22 வயதில் அது இன்னும் உறைந்துவிடவில்லை. பீட்டர் ஹடெமி குழுவினரின் 2009 ஆய்வில், அரசியல் கருத்துகளில் மரபின் சாயல் சிறு வயதில் தெரியவே இல்லை. 20 வயதை ஒட்டி, பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறும் பருவத்தில்தான் அது தலைகாட்டியது. பெற்றவர்கள் வீட்டில் இருக்கும்வரை பிள்ளை பெற்றவர்களைப் போலப் பேசுகிறது. தனக்கென்று ஒரு வட்டம் அமைந்த பிறகுதான் தன்னைப் போலப் பேசத் தொடங்குகிறது. உங்கள் மகன் விஷயத்திலும் இது பொருந்தும். அவன் இப்போது பேசுவதில் எவ்வளவு தாத்தா, எவ்வளவு அவன் என்பது இனிமேல்தான் தெரியவரும். அவன் மாறினாலும் திடுக்கிட வேண்டாம்.

வளர்ப்பில் கோளாறா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரே வளர்ப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக வருவது எல்லாக் குடும்ப ஆய்வுகளிலும் காணப்படுவது.

கடைசியாக, விளம்பரத்தைப் பார்த்து ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், மாதிரியை அனுப்பாமல் ரத்து செய்யுங்கள். மகளுக்கு 22 வயது. அவளுடைய டி.என்.ஏ.வை அனுப்புவதா வேண்டாமா என்பது அவள் முடிவு, உங்களுடையது அல்ல. அவள் சம்மதித்தாலும், ஒரு குழாய் எச்சிலில் போவது அவளுடைய விவரம் மட்டுமில்லை. உங்களுடையதில் பாதி, கணவருடையதில் பாதி, மகனுடையதில் ஏறக்குறைய பாதியும் கூடவே போகிறது. ‘ட்வென்டிதிரீ அண்ட் மீ’ என்ற பெரிய டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனத்திலிருந்தே 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் கொடுத்தது. மாதிரி போய்விட்டது என்றால், அதை அழித்துவிடும்படியும் விவரங்களை நீக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வந்துவிட்டிருந்தால் அதை மகளிடம் காட்டுவதற்கு முன் ஒரு மரபியல் ஆலோசகரிடம் கொடுத்துப் படித்துப் பாருங்கள்.